விலையும் உடைமையும்: வீடியோ விளையாட்டுக்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பொருள் கொடுத்துப் பொருள் கொள்ளுதல் மக்கட் கூட்டுறவின் மிகத் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. ஒருவன் அங்காடியிற் சென்று விலை கொடுத்து ஒரு பொருளைக் கொண்டானாயின், அஃது அன்று முதல் அவனுடையதாம். விற்றவனுக்கு அதன்கண் யாதொரு தொடர்பும் இல்லை. கொண்டவன் அதனை வைத்துக் காக்கலாம், நண்பர்க்கு இரவல் கொடுக்கலாம், மறுவிலைக்கு விற்கலாம், தன் மக்கட்கு விட்டுச் செல்லலாம். இதனை ஒருவர் கற்பிக்க வேண்டுவதின்று; சிறாரும் அறிவர். ஆயினும், விலையென்று கொடுத்தும் உடைமையென்று கொள்ள இயலாத ஒருவகைப் பண்டம் இந்நாளிற் பெருகி வருகின்றது. இணையத்தின் வழியே விற்கப்பெறும் வீடியோ விளையாட்டுக்களே அப்பண்டம். மாணவருள் இவற்றை அறியாதார் சிலரே. விளையாட்டுத்தானே என்று இதனை எளிதாக எண்ணி விடுதல் முறையன்று. என்னை? ஈண்டு எழும் வினா விலைக்கும் உடைமைக்கும் உள்ள உறவைப் பற்றியது. அது நூலையும் இசையையும் திரைப்படத்தையும் ஒருங்கே பற்றி நிற்பது. ஆகலின், அதனை ஒரு சிறிது ஆராயப் புகுகின்றேம்.

கிழமையின் இலக்கணம்

உடைமைப் பொருளை நம் இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமையில் வைத்து ஓதினர். அதனைத் தற்கிழமை எனவும் பிறிதின்கிழமை எனவும் இருகூறாகப் பகுத்தனர். 'சாத்தனது கை' என்புழிக் கை சாத்தனின் வேறாகாமையின் அது தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்புழி வீடு சாத்தனின் வேறாய் நிற்றலின் அது பிறிதின்கிழமை. பிறிதின்கிழமைப் பொருளின் இயல்பு யாதெனின், அஃது உடையவனிடத்தினின்று பிரிந்து பிறனொருவனை அடையக் கூடியது என்பதாம். வீடு இன்று சாத்தனது, விற்றபின் கொற்றனது. உலகியலிற் சொத்தென்று வழங்குவனவெல்லாம் இக்கூற்றின்பாற் படுவனவே.

இவ்விலக்கணத்தைக் கொண்டு நம் பண்டத்தை நோக்குவாம். ஒருவன் ஸ்டீம் போன்ற இணையக் கடையொன்றில் தன் பெயரால் ஒரு கணக்குத் திறக்கின்றான், விலை செலுத்துகின்றான், விளையாட்டு அவன் கணிப்பொறியில் வந்திறங்குகின்றது. 'என் விளையாட்டு' என்று அவன் சொல்லுகின்றான். அதனை அவன் விற்கலாமோ எனின், இயலாது. ஒரு நண்பனுக்கு முற்றூட்டாகக் கொடுக்கலாமோ எனின், அதுவும் இயலாது. கணக்கினைப் பிறர்க்கு மாற்றுதலும் உடன்படிக்கையால் விலக்கப்பட்டுள்ளது. ஆயின், கடையார் கணக்கை மூடினால் விளையாட்டு அவனிடத்தினின்று நீங்கி விடும். ஆக்கிய கம்பெனியார் தம் சர்வர்களை நிறுத்தினாலும் நீங்கி விடும். எனவே, இப்பொருள் கொண்டவனாற் பிரிக்கப்படாது, கொடுத்தவனாற் பிரிக்கப்படும். தற்கிழமையும் ஆகாது, பிறிதின்கிழமையும் ஆகாது நிற்கும் இதனை எவ்வகையில் அடக்குவது?

வாடகை எனலாம் என்பாரும் உளர். அதுவும் பொருந்துமாறில்லை. வாடகைக்கும் குத்தகைக்கும் காலவரையறை உண்டு. இத்துணைத் திங்களுக்கு இத்துணைப் பணம் என்பது இருவர்க்கும் முன்னரே தெரியும். இங்கோ விலை ஒரேமுறை முழுதாகக் கொள்ளப்படுகின்றது, காலமோ சொல்லப்படுவதில்லை. விற்பனையின் விலையும் வாடகையின் நிலையாமையும் ஒருங்கே அமைந்த இவ்வாணிகத்திற்குக் கம்பெனியார் இட்ட பெயர் 'உரிமம்' என்பது. ஸ்டீம் கடையின் உடன்படிக்கை, அங்குள்ள பண்டங்கள் உரிமமாக அளிக்கப்படுவனவேயன்றி விற்கப்படுவன அல்ல என்று கூறுகின்றது. வாங்குவோரைச் சந்தாதாரர் என்றே அழைக்கின்றது. ஆயினும் பொத்தானின்மேற் பொறித்த சொல் 'வாங்குக' என்பதே. உடன்படிக்கை ஒன்று கூறப் பொத்தான் மற்றொன்று கூறுதலே இவ்வழக்கின் வேர்.

நூலில் தொடங்கிய வழக்கு

இவ்வழக்கு இணையத்தோடு பிறந்ததென்று எண்ணற்க. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பாளர், தாம் வெளியிட்ட ஒரு புதினத்தின் உட்புறத்தே, இந்நூலை ஒரு டாலருக்குக் குறைத்து எவரும் விற்றலாகாது, விற்பின் பதிப்புரிமைக்கு மாறாகும் என்று அச்சிட்டனர். நியூயார்க்கில் மேசிஸ் என்னும் பெருங்கடையை நடத்திய ஸ்டிராஸ் சகோதரர் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1908-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம், ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின் அப்பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் பதிப்புரிமையாளர்க்கு இல்லை என்று தீர்த்தது. முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படும் அது அந்நாட்டுச் சட்டத்துள்ளும் இடம் பெற்றது. பழைய புத்தகக் கடைகளும் இரவல் கொடுக்கும் நூலகங்களும் அந்நாட்டில் அச்சமின்றி நடத்தற்கு அக்கோட்பாடு ஒரு பெருந்துணை.

அன்று அச்சிட்ட ஒரு வரியாற் செய்ய இயலாததனை இன்று உரிமத்தாற் செய்கின்றனர். 2010-ஆம் ஆண்டில் வெர்னார் எதிர் ஆட்டோடெஸ்க் என்னும் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று, உரிமமெனக் குறித்து, மாற்றுதலையும் தடுத்து, பயன்பாட்டையும் வரையறுத்துக் கொடுத்த மென்பொருளைப் பெற்றவன் அதன் உடைமையாளன் ஆகான். ஆகவே அவனுக்கு மறுவிற்பனை உரிமை இல்லை என்று கூறியது.

ஐரோப்பாவிலோ வேறொரு நெறி தோன்றியது. 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் என்னும் வழக்கில், கால எல்லையின்றி ஒரு விலைக்குக் கொடுக்கப்பட்ட மென்பொருள் இணைய வழியே இறங்கியதாயினும் அது விற்பனையே எனத் தீர்த்தது. விற்பவன் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படாதவாறு செய்து விட்டு மற்றொருவனுக்கு விற்கலாம் என்றது. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு பிரான்சு நாட்டு நுகர்வோர் சங்கமொன்று ஸ்டீம் கடையின் உரிமையாளராகிய வால்வ் கம்பெனியார்மேல் வழக்குத் தொடுத்தது. 2019-இற் பாரிசு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயின் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச மன்றமும் அம்மாற்றத்தை உறுதி செய்தது. வீடியோ விளையாட்டு வெறும் மென்பொருளன்று. ஓவியமும் இசையும் கதையும் விரவிய கலப்புப் படைப்பு. ஆகலின் மென்பொருட்குரிய விதி அதற்குச் செல்லாது என்பது அம்மன்றங்கள் காட்டிய ஏது. பன்முறை கைமாறினும் தேய்வுறாத பண்டம் புதியதோடு சரிநிகராகப் போட்டியிடும் என்பதும் ஆங்கு எண்ணப்பட்டது. இவ்வேதுவில் உண்மை இல்லாமலில்லை. பழைய நூல் கிழியும், கறைபடும். பழைய டிஜிட்டற் பிரதியோ புதியதே போல்வது. ஆகலின் மறுவிற்பனை உரிமையை யாம் ஈண்டு வற்புறுத்த விரும்பவில்லை. விற்க இயலாதெனினும், வாங்கிய பொருள் வாங்கியவனிடத்தே நிலைத்திருத்தலேனும் வேண்டாவோ என்பதே எம் வினா.

மூடப்பட்ட நகரங்கள்

இவ்வினாவை உலகறிய எழுப்பியது 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டு. அமெரிக்க நாட்டைச் சிறிய அளவிற் படைத்து, அதன் சாலைகளில் வண்டியோட்டச் செய்யும் அதனை யூபிசாஃப்ட் கம்பெனியார் 2014 டிசம்பரில் வெளியிட்டனர். ஒருவன் தனித்து விளையாடினும் கம்பெனியாரின் சர்வரோடு இணைப்பு இருந்தே தீரல் வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2023 டிசம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சு 31-இற் சர்வர்கள் மூடப்பட்டன. குறுந்தகட்டைக் கையில் வைத்திருந்தவர்க்கும் அதன்பின் ஒரு சாலையும் திறக்கவில்லை. கையில் உள்ள பொருளும் கைக்கு எட்டாப் பொருளாயிற்று.

அதன் பயனாக 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்பார் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சர்வர்களை என்றென்றும் நடத்துக என்று அவ்வியக்கம் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும் காலத்தில், வாங்கியவர் தாமே நடத்திக் கொள்ளத்தக்க நிலையில் விளையாட்டை விட்டுச் செல்க என்பதே அதன் வேண்டுகோள். அதனையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்திற் குடிமக்கள் விண்ணப்பம் ஒன்று 2024 ஜூலை 31-இல் தொடங்கியது. ஓராண்டு கழித்து முடிந்தபோது, சட்டம் வேண்டும் பத்து இலட்சம் கையொப்ப வரம்பினை அது கடந்திருந்தது.

எதிர்த்தரப்பாரின் கூற்றையும் நடுவுநிலையோடு கேட்டல் வேண்டும். சர்வர் நடத்துதற்குச் செலவு உண்டு. விளையாடுவோர் அருகிய பின்னும் அச்செலவைச் சுமத்தல் இயலாது. தனியார் கையிற் சர்வர் சென்றால் விளையாடுவோரின் செய்திகளைக் காத்தலும் தீய உள்ளடக்கத்தை நீக்குதலும் கம்பெனியாரின் கட்டுப்பாட்டில் இரா. தொடக்கந்தொட்டு இணைப்போடு ஆக்கப்பட்ட விளையாட்டை மாற்றி அமைத்தற்கும் பொருள் வேண்டும். இவையெல்லாம் மெய்யே. ஆயினும், செய்ய இயலாதது என்பது மெய்யன்று. நாக்கவுட் சிட்டி என்னும் விளையாட்டின் ஆக்கியோர் 2023 ஜூனில் தம் சர்வர்களை மூடியபோது, விளையாடுவோர் தாமே நடத்தத்தக்க பதிப்பொன்றை விலையின்றி வெளியிட்டுச் சென்றனர். யூபிசாஃப்ட் கம்பெனியாரும் 2024 செப்டம்பரில், தம் 'தி க்ரூ 2' முதலியவற்றிற்கு இணைப்பின்றி விளையாடும் முறையை அமைப்பதாக அறிவித்தனர். முன்னரே எண்ணித் திட்டமிடின் செலவு சிறிது. இறுதியில் எண்ணின் பெரிது. வீடு கட்டும்போதே வாயில் வைப்பவனுக்கும் கட்டியபின் சுவரை இடிப்பவனுக்கும் உள்ள வேறுபாடே இது.

இங்கு உடைமையோடு காவலும் பிணைந்துள்ளது. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 இன்று கடையிற் கிடைப்பதில்லை. சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது எவ்வாறு? ஏடுகள் பல ஊர்களில் பல குடும்பத்தார் உடைமையாக இருந்தமையின், ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்திற் கிடைத்தது. உ.வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று தேடிய ஏடுகள் அனைத்தும் ஒரே அரண்மனைப் பேழையில் இருந்து, அப்பேழை ஒருநாள் மூடப்பட்டிருப்பின் நம் நிலை என்னாம்? பலர் உடைமையாதலே ஒரு படைப்பிற்கு நல்ல காவல்.

கணக்கும் தண்டமும்

இனி, கணக்கின்மேல் இடும் தடையைக் காண்பாம். விளையாட்டில் வஞ்சனை செய்வாரும் பிறரை இழித்துரைப்பாரும் திருடிய அட்டையாற் பணம் செலுத்துவாரும் உளர். அவர்களை ஒறுத்தல் கம்பெனியார்க்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாம். நேர்மையாக விளையாடுவோரைக் காத்தற்கு வேறு வழியில்லை. ஆயின் ஒறுத்தலுக்கும் அளவு உண்டு. கழகத்திற் சூழ்ச்சி செய்தவனை ஆடுகளத்தினின்று நீக்கலாம். அவன் வீட்டிலுள்ள பந்தையும் மட்டையையும் பறித்தல் முறையோ?

வால்வ் கம்பெனியாரின் வஞ்சனைத் தடுப்பு முறை ஈண்டு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதனால் தடையுற்றவன் காவலுள்ள சர்வர்களிற் பிறரோடு கூடி அவ்விளையாட்டை ஆட இயலாது. ஆயின் அவன் வாங்கிய ஏனைய விளையாட்டுக்கள் அவனிடமே இருக்கும். தனித்து ஆடுதலும் தடைப்படாது. குற்றம் நிகழ்ந்த இடத்தளவில் தண்டமும் நிற்கின்றது. இதற்கு மாறாகக் கணக்கையே முழுதும் மூடுங்கால், பத்தாண்டுகளிற் சிறுகச் சிறுகச் சேர்த்த அனைத்தும் ஒரு நொடியிற் போகின்றன. ஒரு குற்றத்திற்கு ஒரு நூலகத்தையே தண்டமாகக் கொள்ளுதல் எந்த அறநூலுக்கும் ஒவ்வாது. அன்றியும், குற்றம் சாட்டுபவரும் சான்றை ஆராய்பவரும் தீர்ப்புக் கூறுபவரும் ஒருவரேயாயின் அஃது எங்ஙனம் நீதியாகும்? 2024 பிப்ரவரி முதல் முழுதும் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், இணையத் தளத்தார் ஒருவர் பதிந்த உள்ளடக்கம் பற்றி அவர் கணக்கை நிறுத்துவராயின் ஏது கூறுதல் வேண்டும் எனவும், முறையீட்டிற்கு வழி வைத்தல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. வாங்கிய பொருளை நீக்கும் எவ்விடத்தும் இவ்விரண்டும் வேண்டப்படும் என்பது எம் கருத்து.

சட்டம் செய்தனவும் செய்ய வேண்டுவனவும்

உடன்படிக்கையில் எழுதியதே இறுதி என்று சோர்ந்திருத்தல் வேண்டா. ஆஸ்திரேலியாவில் வால்வ் கம்பெனியார், பணம் திருப்பித் தரப்படாது என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தனர். தம் வாணிகத்திற்கு அந்நாட்டு நுகர்வோர் சட்டம் செல்லாது எனவும் வாதித்தனர். 2016-இற் கூட்டரசு நீதிமன்றம் அவ்வாதங்களை மறுத்து, அங்கு கொடுக்கப்பட்டது பண்டமே என்று கொண்டு, 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. கொடுப்பது உரிமமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாகக் கூறாமல் 'வாங்குக' என்னும் சொல்லை ஆளுதலாகாது என்பது அதன் விதி. இணைப்பின்றி என்றும் பயன்படுத்தத்தக்கவாறு இறக்கிக் கொள்ளும் பண்டங்களுக்கு அவ்விதி இல்லை. ஒரு சொல்லின் பொருளைக் காத்தற்கு ஒரு சட்டமன்றம் முற்பட்டது தமிழ் மாணவராகிய எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது.

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நேர்மையற்ற ஒப்பந்தம் என்பதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. தக்க காரணமின்றி ஒரு தரப்பார் தாமே ஒப்பந்தத்தை முறித்தற்கு இடங்கொடுக்கும் விதி அவ்விலக்கணத்துள் அடங்கும். சட்டம் பயிலப் போகும் நம் தோழர்கள் இதனைக் கருத்தில் இருத்துவாராக.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால், நான்கு நெறிகள் வேண்டப்படுவன என்று துணிகின்றேம். முதலாவது, சொல் மெய்யாதல் வேண்டும்: உரிமமாயின் உரிமம் என்றும், விற்பனையாயின் விற்பனை என்றும் பொத்தானிலேயே பொறித்தல் வேண்டும். இரண்டாவது, காலம் தெரிதல் வேண்டும்: சர்வரை நம்பி நிற்கும் விளையாட்டு எத்துணை ஆண்டு நடத்தப்படும் என்பது விலையோடு கூறப்படல் வேண்டும். மூன்றாவது, முடிவு முறையாதல் வேண்டும்: மூடுங்கால் விளையாடத்தக்க நிலையில் விடுதலேனும், அண்மையில் வாங்கியவர்க்கு விலையைத் திருப்பித் தருதலேனும் செய்தல் வேண்டும். நான்காவது, தண்டம் அளவாதல் வேண்டும்: ஏது கூறாமலும் முறையீட்டைக் கேளாமலும் எக்கணக்கும் மூடப்படலாகாது, மூடப்பட்ட விடத்தும் தனித்து ஆடும் உரிமை நீங்கலாகாது.

இவை விளையாடுவோர்க்கே உரியன என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ண வேண்டா. 2009 ஜூலையில் அமேசான் கம்பெனியார், விற்றவர்க்குப் பதிப்புரிமை இல்லை என்னும் காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களின் பிரதிகளைத் தம் கிண்டில் கருவிகளிலிருந்து வாங்கியவர் அறியாமலே நீக்கினர். பணம் திருப்பித் தரப்பட்டது. கம்பெனித் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆயின் நூலோடு மாணவனொருவன் எழுதிய குறிப்புக்களும் பயனிழந்தன என்று வழக்கு எழுந்தது. விலை திரும்பியது, உழைப்புத் திரும்பவில்லை. இன்று கல்லூரி நூலகங்கள் ஆண்டுச் சந்தாவாற் பெறும் மின்னூல்களும் இதே தன்மையன. சந்தா நின்றால் அலமாரி வெறுமையாகக் கூடும்.

மாணவர் தம்மளவிற் செய்யத்தக்கனவும் உள. வாங்குமுன் அவ்விளையாட்டு இணைப்பின்றி இயங்குமோ என்று வினவுக. கோக் என்னும் கடை போல, நிறுவும் கோப்பைத் தனியே இறக்கி வைத்துக் கொள்ள விடும் இடங்களும் உள. ஒரே பண்டம் ஈரிடத்தும் கிடைப்பின் அத்தகைய இடத்தை நாடுக. பணம் செலுத்திய பற்றுச்சீட்டைப் பேணுக. வாங்குவோரின் குரல் சிறிதென்று எண்ணற்க: 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியார், தம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவி நாள்தோறும் ஒருமுறையேனும் இணையத்தோடு இணைதல் வேண்டும் எனவும், பழைய விளையாட்டுக்களின் கைமாற்றத்திற்கு வரம்புண்டு எனவும் அறிவித்தனர், மக்கள் எதிர்ப்பினால் அத்திங்களிலேயே அவ்விரண்டையும் கைவிட்டனர்.

விலையும் உடைமையும் இணைபிரியாச் சொற்களாக நெடுங்காலம் வாழ்ந்தன. விலை கொடுத்தவன் உடையவன் என்னும் நம்பிக்கையின் மேலேதான் அங்காடி நிற்கின்றது. நம்பிக்கை போயின் அங்காடியும் நிலைபெறாது. ஆகலின், இவ்வுறவைக் காத்தல் வாங்குவோர்க்கு மட்டுமன்றி விற்போர்க்கும் நலமே என்பது எம் துணிபு.